இடுப்பில் ரிவால்வர், கேட்டில் ஹவில்தார்

எங்கோ ஒரு நாட்டில் ஒருத்தன் கூட்டத்துக்குள் புகுந்து கண்டபடி சுட்டுவிட்டான் என்று செய்தி வந்தால் போதும். "அங்கே நல்லவன் ஒருத்தன் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் கதையே வேறு" என்று ரயிலில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நல்லவன் நான்தான். அறுபத்தாறாம் வருஷம், தாராவியில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் டைம் ஆபீஸில், மேஜைக்குக் கீழே இருந்தேன்.

1. துப்பாக்கி வந்த விதம்

நான் அங்கே டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று மஸ்டரில் எழுதுவது வேலை. சம்பள நாளில் மாட்டுங்கா பேங்க் வரை போய்ப் பணப்பையை வாங்கி வருவதும் என் தலையில் விழுந்தது. முதலாளி எங்கள் ஜில்லாக்காரர், சாயபு. வழிப்பறிக்குப் பயந்து, தன் லைசென்ஸில் 'ரிடெய்னர்' என்று என் பெயரையும் சேர்த்துவிட்டார். அதாவது அவருடைய ரிவால்வரை அவருக்காக நான் சுமக்கலாம்.

காலையில் தோல் உறையோடு எடுத்துத் தருவார். சாயந்திரம் திருப்பி வாங்கிக்கொள்வார். உறையைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. சட்டைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் பத்தடிக்கு ஒரு தரம் கை தானாகவே இடுப்பைத் தொட்டுப் பார்க்கும்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குச் சம்பள நாளா? தொட்டுத் தொட்டுப் பாக்கிய" என்பார் முனை டீக்கடைக்காரர்.

மறைத்து வைத்த ஆயுதம். தாராவிக்கே தெரியும்.

2. ஹவில்தார்

பகல் வாட்ச்மேன் ஞானமணி, நாகர்கோவில் பக்கம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். சீன யுத்தத்தில் பனிமலை உச்சி போஸ்ட் ஒன்றில் இருந்து, கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லாமல் இறங்கி வந்தார் என்று கேள்வி. அவரிடம் ஷாப்பின் இரட்டைக்குழல் துப்பாக்கி. டூட்டி மாறும்போது சார்ஜ் புக்கில் சாவி எத்தனை, துப்பாக்கி ஒன்று, தோட்டா பதினெட்டு என்று எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற வாட்ச்மேன்கள் ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஹவில்தார் அப்படியில்லை. ஒருநாள் அடுத்த டூட்டிக்கு வரவேண்டிய ரிலீவர் மூன்று மணி நேரம் தாமதம். கொட்டுகிற மழையில் குடையில்லாமல் கேட்டில் நின்றார்.

அந்த வருஷம் அவர் என்னிடம் மூன்று தடவை வந்தார்.

முதல் தடவை, "பேச்சி, சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு நடமாட்டம் கேக்கு."

"அந்தப் பக்கம் கக்கூஸ் ஹவில்தாரே. நடமாட்டம் இல்லன்னாத்தான் கவலைப்படணும்" என்றேன். டைம் ஆபீஸே சிரித்தது.

இரண்டாம் தடவை, "டீயில என்னத்தையோ கலக்குதானுவ."

"பால் இல்லைங்கறது நிச்சயம்" என்றேன். அதற்கும் சிரிப்பு.

மூன்றாம் தடவை குரல் இறங்கியிருந்தது. "எனக்குப் பதினோரு நாளா உறக்கம் இல்லவே."

"முழிச்சிருக்கதுக்குத்தானே உமக்குச் சம்பளம்!"

அதற்கு அவரும் லேசாகச் சிரித்தார். நான் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

3. சம்பள நாள்

அதற்கு அடுத்த வாரம் சம்பளம். பையோடு வந்து சேர்ந்து, அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரிவால்வர் இன்னும் இடுப்பில். சம்பள நாள் என்றால் கேட்டுக்கு வெளியே கடலை வியாபாரி, துணி வியாபாரி, வளையல்காரி என்று கூட்டம் கூடும். ஒன்றரை மணி சுமாருக்கு அந்தக் கூட்டம் கொஞ்சம் நெருக்கியடித்தது. ஹவில்தார் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தோல் இறக்கிக்கொண்டிருந்த மாடசாமி, "என்னத்துக்கு அடைக்கிய? வண்டி வெளிய போணும்லா" என்று தாழ்ப்பாளில் கை வைத்தான்.

சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். மாடசாமி முற்றத்தில் கிடந்தான். வலது தொடையிலிருந்து ரத்தம். அடுத்த குண்டு கேட்டுக் கம்பி வழியாக வெளியே போனது. கடலை வியாபாரி தோளைப் பிடித்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. தோட்டா மாற்றி மறுபடியும் இரண்டு. அவை யார்மீதும் படவில்லை. வெளியே தெரு காலியானது.

ஹவில்தார் இன்னும் இரண்டு தோட்டா போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, தெருவைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டியபடி கத்தினார். "உள்ள இருக்கவிய யாரும் வெளிய வராதிய! நான் இருக்கேன்! ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்!"

அவர் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

தோல் ஊறும் டிரம் ஷெட்டுக்குள் இருபது பேர். டைம் ஆபீஸ் மேஜைக்கு அடியில் நானும் டிரம் மிஸ்திரி அந்தோணியும். வெளியேற அந்த ஒரு கேட்டுதான். பதினெட்டில் நான்கு போனால் பதினான்கு தோட்டா பாக்கி என்று என் மனம் கணக்குப் போட்டது. முற்றத்தில் மாடசாமி லுங்கியைத் தொடையில் அழுத்திப் பிடித்திருந்தான். லுங்கி முழுவதும் நனைந்துவிட்டது. ஷெட்டிலிருந்து ஒருவன் அவனிடம் தவழ்ந்து வரப் பார்த்தான். ஹவில்தார் சடாரென்று திரும்பியதும் உள்ளே ஓடிவிட்டான்.

அந்தோணி என் இடுப்பைப் பார்த்தான். "அண்ணாச்சி, எட்டடிதான். முதுகு தெரியுது. கண்ண மூடிட்டுச் சுட்டாலும் படும்."

"கண்ண மூடிட்டுத்தாம்ல என்னால சுட முடியும்."

"மாடசாமி செத்துருவான் அண்ணாச்சி."

எடுத்தேன். ரிவால்வர் முனை முதலில் ஹவில்தாரைக் காட்டியது, அப்புறம் மாடசாமியை, அப்புறம் அந்தோணியை, ஒரு தரம் என் முழங்காலையே. அந்தோணி அதற்குள் மேஜையின் மறுபக்கம் போய்விட்டான். அந்த முதுகில் காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. திரும்ப உறையில் செருகினேன். கருணை என்று நினைத்துவிடாதீர்கள். விரல் மடங்கவில்லை.

4. ரிலீஃப்

இரண்டு மணிக்குப் பக்கத்து மில்லில் சங்கு ஊதியது. ஹவில்தார் திரும்பாமலேயே, என்றைக்கும் கேட்பதுபோல, "ரிலீவர் எங்கவே?" என்று கேட்டார்.

ரிலீவர் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டான். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் ரிலீவர் வராமல் போஸ்டை விடமாட்டார். வந்தால் விட்டுவிடுவார்.

சார்ஜ் புக்கை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எட்டடி. அவ்வளவு நீளமான எட்டடியை நான் அப்புறம் நடந்ததில்லை.

"ஹவில்தாரே, டூட்டி மாத்தணும். இன்னைக்கு நான்தான் ரிலீஃப். சார்ஜ் குடுங்க."

திரும்பினார். குழல் இரண்டும் என் வயிற்றைப் பார்த்தன. கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு. "நீயா? வெறுங்கையோட எப்படிக் காவல் நிப்ப? ஆயுதம் இருக்கா?"

இல்லை என்றால் பொய், சட்டை புடைத்துக்கொண்டிருக்கிறது. இருக்கிறது என்றால் எதிரி. இரண்டு விரலால் சட்டையைத் தூக்கி, ரிவால்வரை உறையோடு எடுத்து, சார்ஜ் புக்கின் மேல் வைத்து நீட்டினேன். நோயாளி ஒருவர் கையில் இரண்டாவது துப்பாக்கியையும் கொடுத்த புத்திசாலி பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரட்டைக்குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரிவால்வரை எடுத்தார். பழக்கப்பட்ட கை. ஒரு தட்டில் சிலிண்டரைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஆறு துளை வழியாகவும் வானம் தெரிந்தது.

எவ்வளவு நாளாக அது காலி என்று எனக்குத் தெரியாது. மேஜைக்கடியில் நான் அதை அழுத்தியிருந்தால் ஒரு 'டிக்' சத்தம் வந்திருக்கும். அவர் திரும்பியிருப்பார். அவரிடம் தோட்டா இருந்தது.

ஹவில்தார் என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை. "எலேய், உன்னையக் காலித் துப்பாக்கியோடயாலே இவ்வளவு நாளும் வெளிய அனுப்புனானுவ?" என்றார். என்மேல் அவ்வளவு இரக்கம் அதுவரை யாரும் காட்டியதில்லை. இரட்டைக்குழலை மடக்கி, தோட்டா இரண்டையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தார். மிச்சத் தோட்டா இருந்த பெல்ட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். துப்பாக்கியையும் நீட்டினார். "இதப் பிடி. உன்ன வெறுங்கையா நிக்க விட்டுட்டுப் போக மாட்டேன்."

வாங்கினேன். ஒரு தோட்டா நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துத் தந்துவிட்டு, "எண்ணிக்கை எழுது" என்றார். எழுதினேன். கையெழுத்துப் போட்டார், வழக்கமான அதே சீரான கையெழுத்து.

"இப்ப நான் உறங்கலாமா?"

"உறங்குங்க."

சுவரோரம் தோல் கட்டின்மேல் உட்கார்ந்தவர் போலீஸ் வருவதற்குள் சாய்ந்து தூங்கிவிட்டார். மாடசாமியைத் தோல் வண்டியிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

5. பிறகு

சாயந்திரம் முதலாளியிடம் கேட்டேன். "ஏன் முதலாளி, தோட்டாவே இல்லாமலா?"

"நீ சிரிச்சுக்கிட்டே எவனையாச்சும் சுட்டுருவியேன்னுதான்யா" என்றார். அடுத்த சம்பள நாளிலிருந்து ரிவால்வர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு டிரம்காரர்கள் என்னைச் சுற்றி நடந்து வந்தார்கள். அவர்கள்மேல் அடித்த வாசனைக்கு வழிப்பறிக்காரன் கிட்டே வரமாட்டான்.

ஹவில்தாரை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கம்பு ஊன்றிக்கொண்டு மாடசாமியும் வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஹவில்தார் பெருத்திருந்தார். நிதானமாகப் பேசினார். யாரைச் சுட்டார் என்பது நினைவில் இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "உள்ள இருந்த ஆளுவ எல்லாம் பத்திரமா?"

மாடசாமிதான் பதில் சொன்னான். "எல்லாரும் பத்திரம் ஹவில்தாரே. ஒருத்தனையும் நீரு உள்ள விடல."

டைம் கீப்பர் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். இடுப்பில் ஆயுதம் இருந்தால் தைரியம் வரும் என்பது என் விஷயத்தில் பொய்த்துப்போனது. அது போகட்டும். மூளை கலங்கியவர்களில் பெரும்பாலானோர் ஓர் எறும்பைக்கூட மிதிக்காதவர்கள், அதுவும் போகட்டும். அந்த மனிதர் மூன்று தடவை என்னிடம் வந்து சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். ஒரு மாதம் லீவு எழுதி, துப்பாக்கிக்குச் சார்ஜ் வாங்கிக்கொண்டு, டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். மஸ்டரில் ஒரு வரிதான். நான் ஜோக் அடித்தேன்.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அதே வேலையில் இருந்தேன். தூக்கம் வரவில்லை என்று சொன்ன இரண்டு பேரை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒருவனுக்கு வெறும் மூட்டைப்பூச்சி. இன்னொருவனைப் பற்றி நான் சிரிப்புக் கதை சொல்வதில்லை. அவன் பிழைத்துவிட்டான்.