கூரைக்கும் சுவருக்கும் நடுவே

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை திறந்த இடைவெளி. பத்து வீட்டுக்கும் ஒரே கூரை என்பதால், ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டையும் அப்படித்தான். கட்டியவர்கள் காற்றோட்டத்துக்காக விட்டார்களா, செங்கல் மிச்சம் பிடிக்க விட்டார்களா தெரியாது. பெருந்தொற்று வந்தபோது நான் பயந்தது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

எனக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிற வகை. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் மற்றவர்கள் எழுதிய செய்திகளை வெட்டித் திருத்துவது என் வேலையாக இருந்தது. நோய் வந்தபின் வேலையை விட்டுவிட்டு இந்த மலைக்கு, தம்பியிடம் வந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் மனைவி இறந்து பல வருடங்கள்; பிள்ளைகள் இல்லை. தேயிலை பேக்டரியில், இலையைச் சூட்டில் உலர்த்தும் மெஷினுக்கு அவன் பொறுப்பு. மெஷினில் எல்லா அளவும் காட்டும் கருவிகள் இருந்தன. இருந்தாலும் தட்டு வெளியே வரும்போது குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அந்த மூலை முழுவதும் தேயிலை வாசம்.

தடுப்பூசி வந்த பிறகும் என் நிலை மாறவில்லை. ஈப்போ டாக்டர் போனில் பேசினார். ஊசி போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, உங்கள் மருந்தே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறது என்றார். வெளியே வேலைக்குப் போய் வருபவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. தம்பி சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் தோட்ட ஆபீஸ் கிராணியைப் பார்த்து, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டின் சாவியை வாங்கி வந்துவிட்டான். அங்கே இருந்த குடும்பம் டவுனுக்குப் போய் நெடுநாளாகியிருந்தது.

"எங்கடா போற?"

"சுவருக்கு அந்தப் பக்கம் லா. சிங்கப்பூருக்கா போறேன், இப்படிப் பார்க்கிற?"

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த கூட்டாளியிடம் கூடாரத்துக்குப் போடும் கனத்த பிளாஸ்டிக் கேட்டு வாங்கினான். ஏணி போட்டு ஏறி, என் வீட்டின் இரண்டு பக்கச் சுவர்களுக்கு மேலேயும் கூரை வரை இழுத்து ஆணி அடித்தான். ஓரங்களில் ஒட்டுப் பட்டை. இறங்கியதும் ஒரு துண்டுத் தாளைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். புகை நேராக மேலே போனது. "பாஸ்" என்றான்.

சத்தத்தை மட்டும் பிளாஸ்டிக் நிறுத்தவில்லை. அவன் பல் துலக்குவதும், சட்டி வைப்பதும், தனியாக ரேடியோவோடு சேர்ந்து பாடுவதும் கேட்கும். சாயங்காலம் அவன் விளக்கைப் போட்டால் என் பக்கத்துப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். அதைப் பார்த்த பிறகுதான் நான் என் விளக்கைப் போடுவேன்.

காலையில் வேலைக்குப் போகும் முன் பிளாஸ்கில் தேத்தண்ணி போட்டு என் ஜன்னல் விளிம்பில் வைப்பான். லயத்தின் முன்னால் பத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு நடை உண்டு. அஞ்சடி என்போம். ரோட்டுக்குப் போக அவன் என் ஜன்னலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பிளாஸ்கை வைத்துவிட்டு, அஞ்சடியிலிருந்து இறங்கி, கால்வாய் ஓரத்தில் மாஸ்கோடு நிற்பான். நான் ஜன்னலைத் திறந்து எடுத்து, ஒரு வாய் குடித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் கருகின மாதிரி இருக்கு."

"கருகலா? நேத்து நான் எடுத்த தூள் அது. ஒரு நாளாச்சும் நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வருமா? பேப்பர்காரி."

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

"நாளைலேர்ந்து சுடுதண்ணிதான் உனக்கு."

மறுநாளும் தேத்தண்ணிதான் வரும். இப்படியே பல மாதங்கள் ஓடின. கடைச் சாமான்களைத் தானா ராத்தா டவுனிலிருந்து மறுபக்கத்து வீட்டுப் பெண் வாங்கி வந்து படியில் வைப்பாள். கொழுந்து வெட்டப் போகிறவள். என்னை அக்கா என்பாள், அவனை அண்ணன் என்பாள். எனக்குத் தெரிந்த உலகம் அவர்கள் இருவரும்தான்.

ஒரு காலை பிளாஸ்கைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தரை கழுவும் பிளீச் நெடி கண்ணை எரித்தது. கிருமி சாக வேண்டுமென்று பிளாஸ்கின் வெளிப்புறத்தை அதில்தான் அவன் துடைப்பான். அன்றைக்கு உள்ளேயும் ஊற்றிக் கழுவியிருக்கிறான். சரியாக அலசவில்லை.

"டேய், கொரோனா கொல்லலைன்னு நீ கொல்லப் பார்க்கிறியா? பிளீச் நாறுது!"

"பிளீச்சா?"

"மோந்து பாரு."

பிளாஸ்கை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நான் உள்ளே தள்ளிப் போனேன். அவன் வந்து எடுத்து, மாஸ்கை இறக்கி மோந்தான். மறுபடி மோந்தான். மூடியையும் மோந்தான்.

"தேத்தூளை மோந்து மோந்தே மூக்கு தேஞ்சு போச்சாடா?" என்று சிரித்தேன்.

"தேஞ்சிருக்கும் லா" என்று அவனும் சிரித்தான். மாஸ்கை ஏற்றிக்கொண்டு பிளாஸ்கைக் கையோடு கொண்டு போனான். ரோட்டுப் பக்கம் போகவில்லை, தன் வீட்டுக்கே திரும்பினான். அதைப் பார்த்தேன். மறந்ததை எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசினான். பேக்டரியில் ஆள் குறைவு, இரண்டு ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள், கொஞ்ச நாளைக்குப் பிளாஸ்க் வராது என்றான். குரல் கம்மியிருந்தது. மெஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் போய்விட்டதாம். பிறகு ரேடியோவைப் போட்டான். வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தான். பழைய பாட்டுகள் வந்தன. எனக்கும் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறான் என நினைத்து, சந்தோஷமாக, "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்று கத்தினேன். ஏற்றினான்.

அடுத்து வந்த நாட்களில் ரேடியோ ஓயவே இல்லை. இரண்டு ஷிப்ட் பார்ப்பவன் வீட்டில் பகலில் எப்படி ரேடியோ பாடும் என்று கேட்டிருக்க வேண்டிய ஆள் நான். மற்றவர்களின் செய்தியில் இந்த மாதிரி ஓட்டையைத்தான் ஆயுள் முழுக்கத் தேடிப் பிடித்தேன். அப்போது பாட்டு நன்றாக இருந்தது.

ஒரு முற்பகல், மேகம் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, பின்கதவருகே நின்ற நான் கீழே வளைவில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் லயம் வரை பெரிய வண்டி ஏறாது. வெள்ளை உடுப்புப் போட்ட இருவர் வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். லயத்தின் பின்புறச் சரிவில், இடுப்புயரத் தேயிலைக்குள், ஒரு ஆள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். நிரைக்கு நடுவே உள்ள தடத்தில் போகாமல், நிரைகளை வெட்டிக்கொண்டு நேராகக் கீழே போனான். இரண்டு முறை செடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோட்டத்தில் பிறந்தவன் யாரும் நிரைக்குக் குறுக்கே நடக்கமாட்டான். கவாத்து வெட்டின கிளை காலைக் கிழித்துவிடும். அதனால் அவன் வெளிநாட்டுத் தொழிலாளி என்று முடிவு கட்டினேன். ஊருக்குப் போன் போட்டுச் சொல்ல யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். மூச்சுக் குறைந்தவன் கிட்டத்து வழியைத்தான் தேடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் சுவரைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டிவிட்டுப் போன் போட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்தான்.

"எங்கடா இருக்க? ரேடியோவைப் போட்டுட்டுப் போயிட்டியா?"

"பேக்டரியில."

பின்னால் ஒரு பெண் குரல், அதிகம் பேச வேண்டாம் என்று மலாயில் சொன்னது.

"யாரு அது?"

"புது மேனேஜர் லா" என்றான். சிரிக்கப் போய் இருமினான். அந்த இருமல் முடிகிற வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவன் மறைக்கவில்லை. ஈப்போவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ சுவருக்கு என் பக்கம் வந்து உட்கார்ந்துக்குவ."

உட்கார்ந்திருப்பேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"உனக்கு இருமல் இருக்கா?"

"இல்ல."

"வாசம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சரி. பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு ரேடியோவை அணைக்கச் சொல்லு. கரண்டு போகுது."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த நாள் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். சுகாதாரத் துறையினர் வந்து என் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். தொற்று இல்லை. மறுபடி வந்து எடுத்தார்கள். அப்போதும் இல்லை. ஈப்போவில் அவன் மோசமாகிக்கொண்டிருந்தபோது இங்கே எனக்கு ஒவ்வொரு முறையும் நல்ல செய்தி வந்தது.

கொழுந்து வெட்டும் பெண் அஞ்சடியில் நின்று அழுதாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் அவன் சத்தியம் வாங்கியிருந்தான். பிளீச் வாசம் தெரியாமல் போன அன்றே தானா ராத்தாவுக்குப் போய்ப் பரிசோதனை எடுத்திருக்கிறான். வீட்டிலேயே தனித்திருக்கச் சொன்னார்கள். இருமல் வந்தால் ரேடியோவை ஏற்றுவான். அதுவும் பற்றாவிட்டால் பின்பக்கக் கதவைத் திறந்து தேயிலைக்குள் போய் இருமிவிட்டு வருவான். ஆம்புலன்ஸ் வந்தபோது அஞ்சடி வழியாகப் போகலாமே என்று அவள் சொல்லியிருக்கிறாள். அக்கா ஜன்னலைத் தாண்டணும், திறந்து வெச்சிருக்கும் என்றானாம். திறந்துதான் வைத்திருந்தேன்.

அவன் இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. ஈப்போவிலேயே தகனம். அவளுடைய கணவன் மட்டும் போய், கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தான். மற்ற நாட்களில் ஒரு சாவு என்றால் அஞ்சடி முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும். அடுத்த லயத்திலிருந்து சோறு வரும். அன்று தகனம் நடக்கிற நேரத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வாசலில் மாஸ்கோடு நின்றார்கள். நான் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். அன்றைய இறப்பு எண்ணிக்கை வெளியானபோது, அவனை எங்கள் மலை இருக்கிற பஹாங் மாநிலக் கணக்கில் சேர்த்தார்களா, ஈப்போ இருக்கிற பேராக்கில் சேர்த்தார்களா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வீடு பல மாதம் பூட்டியே கிடந்தது. பிறகு கிராணி அதை ஒரு புதுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். அவர்கள் வருமுன் சுத்தம் செய்யப் போன மறுபக்கத்து வீட்டுப் பெண், சற்று நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு தடவை வந்து பார்த்துடுங்க. உள்ள வராதீங்க. வாசல்லேயே நில்லுங்க."

இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கட்டில் என் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில், எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் ஒரு கைலியும் இரண்டு கோணிச் சாக்கும். ரேடியோ என் சுவருக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் தெரியவில்லை. அவனிடமிருந்த கம்பளிகள் எல்லாம் அங்கே இருந்தன, சுவர் விளிம்பு முதல் கூரை வரை வரிசையாக ஆணி அடிக்கப்பட்டு. என் பக்கத்துப் பிளாஸ்டிக் அந்தக் கடைசி நாட்களில் மஞ்சளாகாமல் போனதற்கு, பேக்டரியிலிருந்து அவன் வரவில்லை என்று நான் காரணம் வைத்திருந்தேன்.

இந்த மலையில் கம்பளி இல்லாமல் ஆரோக்கியமான ஆளே தூங்க முடியாது.

"அண்ணனுக்குக் காய்ச்சல்ல உடம்பு தூக்கிப் போட்டிருக்கும்க்கா" என்றாள். நான் கையைக் காட்டினேன். நிறுத்திக்கொண்டாள்.

அவள் ஏணியில் ஏறி ஆணிகளைப் பிடுங்கினாள். கூரை ஈரத்தில் கம்பளி முழுக்கப் பூஞ்சை பிடித்து, கரும்பச்சையாகப் படர்ந்திருந்தது. ஒன்றையாவது கேட்டு வாங்கிக்கொள்ள நினைத்தேன். அதில் இன்னும் தேயிலை வாசம் இருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பூஞ்சை, தூசி, பழந்துணி எதன் பக்கமும் போகாதீர்கள், உங்கள் நுரையீரலைக் கெடுக்க அது போதும் என்று டாக்டர் ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லியிருந்தார். அவள் ஏணியிலிருந்தே என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இதை நீங்க தொடக்கூடாது. அண்ணன் என்னைத்தான் திட்டும்."

"சரி. கொளுத்திடு" என்றேன்.

கால்வாய்க்கு அப்பால் குப்பை எரிக்கும் தகரப் பீப்பாய் இருந்தது. அவள் கம்பளிகளை ஒவ்வொன்றாக மடித்துப் போட்டாள். மடிக்கத் தேவையில்லை, இருந்தாலும் மடித்தாள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். லயத்தின் பக்கம்தான் அடித்தது.

"அக்கா, புகை வருது. உள்ள போய் ஜன்னலைச் சாத்துங்க."

உள்ளே போய்ச் சாத்தினேன்.