முந்திரிக்காட்டுக்கு வந்த நாலு கார்கள்

எங்கள் வீட்டுக் காரை யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். வண்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு கார் வரும்போதும் கூடவே என் கணவர் வருவார். லீவு தீரும்வரை என்னை அதில் ஏற்றிக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு ஒன்று விடாமல் சுற்றுவார். பிறகு காரை ஷெட்டில் விட்டுவிட்டு மஸ்கட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் புதுக் கார் என்றாலே எனக்குத் திருச்சி ஏர்போர்ட்தான் ஞாபகத்துக்கு வரும்.

போன வருடம் நாலாவது கார் வாங்க வந்தவர் திரும்பிப் போக டிக்கெட் போடவில்லை. இனிமேல் இங்கேதான் என்றார். ஏன் என்று கேட்டால், "வந்துட்டேன்ல, அப்பறம் என்ன" என்று பேச்சை மாற்றினார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவள் நான். பதில் வராத கேள்வியை என்னால் அப்படியே விட முடியாது. எனக்காகத்தான் வந்தாரா, இல்லை அங்கே ஏதாவது ஆகிவிட்டதா? சோறு வடிக்கும்போதும் இதே நினைப்பு, பரீட்சைத்தாள் திருத்தும்போதும் இதே நினைப்பு. அவரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அவர் அங்கே ஒரு முதலாளிக்கு டிரைவர். அந்த முதலாளி ஒரே ஒரு ஜப்பான் கம்பெனியின் பெரிய காரைத் தவிர வேறு எதிலும் காலை வைக்கமாட்டார். அதே கம்பெனி இந்தியாவில் விற்கும் செடானை என் கணவர் 'தம்பி' என்பார். அங்கே அண்ணன் உருவம் மாறினால் இங்கே தம்பியும் மாறியாக வேண்டும். இல்லாவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. போன் செய்தால் என் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார், புது மாடலின் ஹெட்லைட்டைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார். நாங்கள் முதலில் வாங்கிய மூன்றும் கை மாறிய வண்டிகள். ஒன்றை எங்கள் ஊர் அரிமளத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கம்பெனி அடுத்த உருவத்தை விட்டிருக்கும். எப்போதும் ஒரு தலைமுறை பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தோம்.

முதல் கார் டிபன் பாக்ஸ் போலச் சதுரமாக இருந்தது. கதவைச் சாத்தினால் தகரச் சத்தம். ஸ்டியரிங் ஒல்லி, டாஷ்போர்டில் ஒரு கேசட் பிளேயர், அவ்வளவுதான் உள்ளே. சீட் அவ்வளவு தாழ்வு. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அதிலிருந்து எழுந்திருப்பது தரையிலிருந்து எழுந்திருப்பது போலத்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், கன்றுக்குட்டி மாதிரிப் பாயும். அவர் அதை ஓட்டிய ஓட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான புதிது. அந்தப் பயமும் பிடித்துத்தான் இருந்தது.

என் கணவர் வகையறாவில் ஒரு வழக்கம். வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் குலதெய்வத்திடம்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் கடைத்தெருவுக்குக்கூட எடுக்கக் கூடாது. குலதெய்வம் அய்யனார். கந்தர்வக்கோட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு இறங்கி, முந்திரிக்காட்டுக்குள் செம்மண் தடத்தில் போனால் ஒரு மரத்தடியில் மண்குதிரைகளோடு இருப்பார். பூசாரி பானெட்டுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, முன்கண்ணாடியில் விபூதியும் சந்தனமும் குழைத்துப் பட்டை போடுவார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அந்தப் பட்டையை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது. மழை பெய்து தானாகப் போக வேண்டும். என் கணவர் இதில் வெகு கறார். ஒருமுறை பெட்ரோல் பங்கில் ஒருவர் நல்ல எண்ணத்தில் துணியைக் கொண்டுவந்தார். கண்ணாடியைத் தொடுவதற்குள் அவரை இவர் போட்ட சத்தத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. பட்டை பார்வையை மறைக்கிறது என்றால் அதற்குக் கீழே குனிந்து பார்த்து ஓட்டுவாரே தவிரத் துடைக்கமாட்டார். அடுத்த காரிலிருந்து பூசாரியிடம் சொல்லி, உச்சியில், பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடி ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேராகப் போடச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது கார் மூக்குச் சப்பை, முதுகு உயரம். போனிலேயே பேசி முடித்துவிட்டு வந்து நேரில் பார்த்தவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஜப்பான்காரனுக்கு என்ன ஆச்சு, பிள்ளைத்தாச்சி மாதிரி வண்டி செய்திருக்கிறான் என்று லீவு முழுக்கப் புலம்பினார். எனக்கு அதுதான் பிடித்தது. நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். பின் சீட்டை மடக்கினால் உர மூட்டை, தேங்காய் மூட்டை எல்லாம் போகும். முன்பக்கம் எங்கே முடிகிறது என்று தெரிந்த ஒரே கார் அதுதான்; அதனால் அதில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். புதுக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததை அவரிடம் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் சொன்னேன். கிளட்சை அரைத்துவிடாதே என்றார், அவ்வளவுதான். ஆனால் லீவில் வந்த அன்றே சாவி அவர் சட்டைப்பைக்குப் போய்விடும். வருடம் முழுக்க ஓட்டியவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். அவரோ முதல் ஒரு வாரம் அந்த ஊர்ப் பழக்கத்தில் ரோட்டின் வலப்பக்கமாகவே ஏறுவார். "இங்கிட்டு வாங்க, இங்கிட்டு" என்று தோளைத் தட்டிக்கொண்டே போவேன்.

மூன்றாவது அம்பு மாதிரி வந்தது. முன்னால் கூர், பின்னால் ஏற்றம், உள்ளே நீல வெளிச்சம், கேசட் போய் சிடியும் பென் டிரைவும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்றார். நான் போகும் வழியில் கிழிக்க ஏது காற்று, ஆட்டு மந்தைதான் உண்டு. வயிறு தாழ்வாக இருந்ததால் அய்யனார் தடத்தில் அது தரையை உரசிற்று. நாங்களெல்லாம் இறங்கிக்கொண்டோம். அவர் மட்டும் காரில் போக, நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புழுதியில் பின்னால் நடந்தேன். என் கல்யாண வாழ்க்கையே இப்படித்தான் நடக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அந்தக் காரில்தான் என் அம்மாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், தேர்தல் வேலைக்குப் போனேன், மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். எல்லாவற்றுக்கும் அவர் போனில் இருந்தார். மகள் சென்னைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்காரவே முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு நார்த்தாமலைவரை போவேன். கோயிலுக்கும் ஏறாமல், அடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நாலாவது மட்டும் ஷோரூமிலிருந்து நேராக வந்த புதுக் கார். நீளம், அகலம் எல்லாம் கூடி, அங்கே உள்ள அண்ணனைத் தொட்டுவிட்டது. சாவியைச் செருக வேண்டாம், கிளட்ச் இல்லை, கியரை மாற்ற வேண்டாம். கண்ணாடியின் உச்சியில் உட்புறமாக ஒரு கேமரா. ரோட்டில் உள்ள வெள்ளைக் கோட்டை அது பார்க்கும். வண்டி விலகினால் ஸ்டியரிங்கை அதுவே திருத்தும். முன்னால் போகிற லாரி பிரேக் போட்டால் இதுவும் போடும். மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேமராவைப் பற்றித்தான் ஷோரூம்காரரைத் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டால் அப்புறம் டிரைவர் எதற்கு என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து பழைய காரை அவர் ஒருநாள்கூட எடுக்கவில்லை என்பதும், கேட்டால் கிளட்ச் மிதித்தால் முட்டி வலிக்கிறது என்றதும் அப்போது எனக்கு ஒன்றோடொன்று சேரவில்லை.

அய்யனாரிடம் நாங்கள் இருவர் மட்டும் போனோம். புதுக்கோட்டையைத் தாண்டியதும் வெள்ளைக் கோடு தெளிவாக இருந்தது. வண்டி கோட்டுக்குள் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அவர் கை ஸ்டியரிங்கில் சும்மா இருந்தது. அது தானாகக் கொஞ்சம் அசைந்து நிமிர்ந்தது. முந்திரிக்காட்டுத் தடத்தில் இறங்கியதும் நடக்கிற வேகத்துக்குக் குறைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கிளையில் பக்கக் கண்ணாடி கீறிக்கொண்டு போனது. பழைய கார்களில் சின்னக் கீறலுக்கே ரெண்டு நாள் சாப்பிடாதவர், இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பூசை நன்றாக நடந்தது. பூசாரி பழைய சொல்லை மறக்காமல், கண்ணாடியின் உச்சியில், நட்டநடுவில், தாராளமாகப் பட்டை போட்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பி, மறுபடி மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். மீட்டரில் ஏதோ கத்தியது, மஞ்சளாக எழுத்து வந்தது. அவர் உடனே ஓரம்கட்டி நிறுத்திவிட்டார்.

"என்னா எழுதியிருக்கு, படி."

மூக்குக்கு நேரே இருக்கிற எழுத்து. நான் எட்டிப் பார்த்துப் படித்துச் சொன்னேன்: கேமராவுக்கு முன்னால் தெரியவில்லையாம், கண்ணாடியைச் சுத்தம் செய்ய வேண்டுமாம், அதுவரை வண்டி தானாக எதையும் பார்க்காதாம். பட்டை நேராகக் கேமராவின் மேல் விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பரவாயில்லை, பழைய கார்களை ஓட்டின மாதிரி ஓட்டுங்கள், மழை பெய்தால் போய்விடும் என்றேன்.

அவர் துடைத்துவிடு என்றார். இந்த மனிதர்தான் சொன்னாரா என்று ஒரு நிமிடம் அவரையே பார்த்தேன். மறுபடியும் சொன்னார். இறங்கி, தண்ணீர் பாட்டிலில் முந்தானையை நனைத்துக்கொண்டு, அய்யனாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டபடி துடைத்தேன். சந்தனமும் விபூதியும் குழம்பிக் கண்ணாடி இன்னும் மோசமாயிற்று. அந்த மஞ்சள் எழுத்து போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. அவர் வண்டியை எடுக்கவே இல்லை.

"ஏ புள்ள, எனக்கு நடுவுல தெரியல" என்றார். "ஓரத்துலதான் தெரியுது. ஒன் மூஞ்சிய நேராப் பாத்தா, மூஞ்சி இருக்குற எடத்துல ஒண்ணுமே இல்ல."

சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டதாம். அங்கே லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனபோது தெரிந்ததாம். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டாராம், அந்த மாதமே அனுப்பிவிட்டாராம். தனக்குத் தெரியாவிட்டால் என்ன, வண்டிக்குத் தெரியுமே என்று இதை வாங்கியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை பஸ்ஸும் சைக்கிளும் போகிற ரோட்டில் ஒரு கேமராவை நம்பி என்னை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். இனிமேல் இந்தச் சாவியை நீங்கள் தொடக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். திட்டி முடித்த பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. ரெண்டு மாதமாக உள்ளே கிடந்த கேள்வி அப்படியே இருந்தது. அதைக் கேட்காமல் அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியாது என்று தோன்றியது.

"கண்ணு நல்லா இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் அதை நம்பவும் தயாராக இருந்தேன்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கையைப் பிடித்து இறக்கி, இந்தப் பக்கம் கூட்டிவந்து உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன். சீட்டை எனக்கு ஏற்ற மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது; எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. இத்தனை வருடமாக நான் எதிர்பார்த்த நாள் இது, வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் யாரோ அனுப்பி வந்திருக்கிறார். தாண்ட வேண்டிய லாரியைத் தாண்டினேன். வேகமாகத்தான் ஓட்டினேன். அவர் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.

புதுக்கோட்டை நெருங்கும்போது அவர் முகத்தை அந்தப் பக்கம் ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். திட்டியதற்குக் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அங்கே கட்டாந்தரையையும் கருவேலமரத்தையும் தவிர ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பொறுக்கமாட்டாமல், அங்கிட்டு என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "ஒன்னத்தான்."