பாதிச் செபத்துக்கு ஒரு மூச்சு

தாதி ஹஃபீலா எதையாவது ஆறுதலாகச் செய்து கற்பிட்டியில் யாரும் கண்டதில்லை. காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டவள்போலத்தான் எப்போதும் நடப்பாள். "பின்னால நாயா தொரத்துது?" என்று புருஷன் ஹுனைஸ் கேட்காத நாளில்லை. அப்படிப்பட்டவளின் கையில்தான் அன்று அல்பேட்டின் மூச்சு இருந்தது.

கடலுக்குப் போய் மீன் பிடிக்கிற மனிதர், ரோட்டில் நின்ற மாட்டில் மோட்டார் சைக்கிளோடு மோதி, தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். கற்பிட்டி ஆஸ்பத்திரி டொக்டர் தொண்டைக்குள் குழாய் போட்டு, அம்புலன்சில் ஏற்றிவிட்டார். புத்தளம் போய்ச் சேரும்வரை அந்தக் குழாயில் மாட்டிய ரப்பர் பையை ஹஃபீலா அமத்திக்கொண்டே வரவேண்டும். ஆறு செக்கனுக்கு ஒரு தரம். அதைவிட அடிக்கடி அமத்தினால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் சுருங்கிவிடும். பிழைத்தாலும் பழைய அல்பேட்டாக எழும்ப மாட்டார். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. பயத்தில் அவளுடைய மூச்சே ஓடியது, கையும் அதன் பின்னால் ஓடியது.

எதிரே அல்பேட்டின் மனைவி யூஜீனியா. "கெதியா அமத்துங்க மிஸ்! அவருக்கு மூச்சு காணாது!" என்று அழுதாள். அழுகைக்கு நடுவே செபமாலையை உருட்டி, சொல்லோடு சொல் முட்டச் செபித்தாள்.

ஹஃபீலாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது.

"அக்கா, சத்தமா சொல்லுங்க. கோயில்ல எல்லாரும் சேந்து சொல்ற மாதிரி, மெதுவா. நீங்க பாதி சொல்ல நான் ஒருக்கா அமத்துறன். நீங்க ஓடினா நானும் ஓடிருவன். அது அவருக்குக் கூடாது."

யூஜீனியா நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் தொடங்கினாள். ஒவ்வொரு மணிக்கும் சொல்கிற செபத்தில் முற்பாதிக்கு ஓர் அமத்தல், பிற்பாதிக்கு ஓர் அமத்தல். பாலாவிச் சந்தி வரும்போது ஹஃபீலாவின் கை அடங்கியிருந்தது. இவ்வளவு மெதுவாக ஒரு வேலையைத் தான் செய்ததே இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புத்தளத்தில் அல்பேட்டை மூச்சுக் கொடுக்கும் மெஷினில் போட்டார்கள். இரத்தத்தைச் சோதித்த டொக்டர், மூச்சு அளவாகத்தான் போயிருக்கிறது என்றார். ஹஃபீலா விறைத்த விரல்களை உதறிக்கொண்டாள். யூஜீனியா மட்டும் செபத்தை நிறுத்தவில்லை. தொண்டை கட்டி வெறும் காற்றுத்தான் வந்தது.

"அக்கா, போதும். இனி மெஷின் பாத்துக்கும்."

"நான் நிப்பாட்டினா அவருக்கு மூச்சு நிண்டிருமே, மிஸ்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அவள் அடுத்த பாதியைத் தொடங்கினாள்.

தன் கையிலிருந்த பயத்தையெல்லாம் இவளுடைய வாய்க்கு மாற்றிவிட்டோம் என்று ஹஃபீலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. யூஜீனியாவின் கையைப் பிடித்து அல்பேட்டின் மார்பில் வைத்தாள்.

"நானும் புடிச்சிக்கிறன். ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்க."

யூஜீனியா கண்ணை இறுக மூடி, வாயையும் மூடினாள். கைக்குக் கீழே மார்பு உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது. அதன் பிறகுதான் அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.