டீ டம்ளருக்கு எத்தனை மார்க்?

போன வாரம் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது?

கடைக்காரர் என் நண்பர். பெயர் வேண்டாம், மனுஷன் இதைப் படிப்பார். வெடித்த காய் கலந்திருக்கிறது என்று வடக்கே அனுப்பிய சரக்கு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. தரம் பிரிக்கும் இடத்துக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் தேவை. "ஆள் எடுக்கும்போது நீங்களும் கூட உக்காருங்கண்ணே" என்றார்.

யோசனை சொன்னது நான்தான். ஊர், உறவு, முகராசி எதையும் பார்க்காதீர்கள். நல்ல காயோடு ஐம்பது வெடித்த காயைக் கலந்து தட்டில் கொடுங்கள். அரை மணி நேரம். அதிகம் பொறுக்குகிறவருக்கே வேலை. "சூப்பர்ணே!" என்றார். வந்திருந்த இரண்டு பேரிடமும் அதை என் வாயாலேயே சொன்னேன்.

வீரபாண்டியிலிருந்து வந்த செல்வமணி என்ற பெண் நாற்பத்தெட்டு பொறுக்கினார். இன்னொருவர், சட்டை மடிப்புக் கலையாத ஆள் — முப்பத்தொன்று.

வேலை யாருக்கு? முப்பத்தொன்றுக்கு!

"என்னய்யா இது?" என்று கத்தியே விட்டேன்.

"கோவிக்காதீகண்ணே. டெஸ்ட்டுக்கு முன்னாடி டீ குடுத்தோம்ல... அவரு குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வச்சாரு. அந்தம்மா வேணாம்னு தள்ளி வச்சிருச்சு. திமிரு! எனக்கு அங்கனயே தெரிஞ்சுபோச்சு."

அப்புறம் எதற்கு ஐம்பது காயை எண்ணிக் கலந்தோம்? பொழுது போகாமலா? ஆளைப் பார்த்ததும் இவருக்கு உள்ளுக்குள் ஏதோ சொல்லிவிடுமாம். திரும்பி வந்த சரக்கைப் பிரித்த ஆளையும் அதே 'உள்'தானே தேர்ந்தெடுத்தது? அது மட்டும் ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை?

செல்வமணிக்கு போன் செய்யும் வேலை என் தலையில். வாக்குக் கொடுத்தவன் நான்தானே! விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஏம்மா, அந்த டீயைக் குடிச்சிருக்கக் கூடாதா?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"டீ குடிச்சா டம்ளரக் கழுவணும், கை ஈரமாயிரும்ல சார்? ஈரக் கையோட யாராச்சும் காயத் தொடுவாகளா? கலர் போயிரும். முன்ன வேல பாத்த கடையில அப்படித்தான் பழக்குனாக." அதோடு விடவில்லை. "மார்க்குதான் முடிவுன்னு சொன்னீக. நாப்பத்தெட்டுன்னதும் வேல கெடச்சிருச்சுன்னு வீட்ல சொல்லிட்டேன் சார்..."



அந்த ஈரக் கையோடு தட்டின் முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான் வேலை! நேரே போய் நண்பரிடம் சண்டை போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வாஸ்தவந்தாண்ணே... ஆனா டம்ளரைக் கழுவுனாரே!" என்றார்.

சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீயை நீட்டினார். வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

ஆமாம், திமிர்தான்!