பனிக்கை தூக்கிய கோல்கீப்பர்

புவனேஸ் தேசிய அணிக்குப் புறப்பட்டது ஒரு புதன்கிழமை. மலேசிய மலைப் பட்டணமான தானா ராத்தாவில் எட்டரைக்குத்தான் பஸ். அப்பா மாடசாமியோ ஏழு மணிக்கே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டார். தோட்டத்து லோரியைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாதுதான். ஆனால் முந்தின நாள் மேனேஜரே அவரைக் கூப்பிட்டு, "பொண்ண நீயே கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்திலிருந்து நாட்டுக்கு விளையாடப் போகிற முதல் ஆள் அவள். வயது பதினாறு. பதினேழு வயதுக்குட்பட்ட தேசிய மகளிர் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர்.

அம்மா அம்சவல்லி தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை செய்பவள். வேலைக்குப் போகும் தொப்பியோடேயே வாசலில் நின்றாள்.

"கையுறைய எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்மா."

"பூட்ஸு?"

"நேத்துலேருந்து பதினோரு தடவ கேட்டுட்ட லா."

"பன்னெண்டாவதா கேக்கறேன். பூட்ஸு?"

பக்கத்து லயத்து எவலின் பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்தாள். இரண்டு பேரும் ஆறு வயதிலிருந்து ஒன்றாக விளையாடுகிறவர்கள். எவலின் அடிப்பாள், புவனேஸ் பிடிப்பாள். "ஏய் கோலி, டிவியில வந்தா மூஞ்சிய நல்லா வெச்சுக்க. உன்னால எங்களுக்கெல்லாம் கெட்ட பேரு வந்திரப் போவுது" என்றாள் வாய் நிறைய நுரையோடு.

லோரி சரிவில் இறங்கியது. பனியில் லயம் மறைந்த பிறகும் எவலினின் சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்துத் திடலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மலையில் சமதளம் கிடைப்பது அரிது. திடலின் ஒரு கோல் மேட்டில் இருந்தது, மற்றொன்று பள்ளத்தில். பள்ளத்துக் கோலுக்குப் பின்னால் தேயிலைச் செடிகள். பந்து அங்கே விழுந்தால் கீப்பர்தான் போய் எடுத்து வர வேண்டும். கொப்பு ஒடிந்தால் கங்காணியிடம் ஏச்சு வாங்குவதும் அவள்தான். அதனாலேயே பந்தைத் தன்னைத் தாண்டவிடக் கூடாது என்ற வெறி புவனேஸுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

பிற்பகல் ஆனால் பனி இறங்கும். ஒரு நிமிடத்தில் எதிர்க் கோல் காணாமல் போகும். அடுத்த நிமிடத்தில் நம் காலே நமக்குத் தெரியாது. அதற்கென்று அந்தத் திடலில் ஒரு சட்டம் இருந்தது. பந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் கீப்பர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி "பனி!" என்று கத்துவாள். அதற்குப் பனிக்கை என்று பெயர். கத்தியதும் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பந்தின் மேல் காலை வைத்தபடி, தும்மல் வந்தாலும் அங்கேயே தும்மிக்கொண்டு. பனி விலகியதும் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒருத்தியும் ஓரடி திருடியது கிடையாது. எந்தக் காலத்தில் யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. உலகத்துக் கால்பந்திலெல்லாம் அப்படித்தான் என்றே பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அப்படியல்ல என்பது புவனேஸுக்குப் பள்ளி அணியில் சேர்ந்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்தது தலைக்குத்தான். கைக்குத் தெரியவில்லை.

போட்டி வெளிநாட்டில். குழுவில் நான்கு அணிகள். முதல் ஆட்டத்தில் மலேசியா இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் கோலில்லாமல் சமன். அதில் புவனேஸ் தடுத்தவற்றை எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. மூன்றாவது ஆட்டம் போட்டியை நடத்துகிற நாட்டோடு. சமன் செய்தாலே அரையிறுதி.

எண்பத்திரண்டாவது நிமிடம் வரை கோல் விழவில்லை. அப்போது கோலுக்குப் பின்னாலிருந்த ரசிகர்கள் புகைக்குச்சிகளைக் கொளுத்தினார்கள். வெள்ளைப் புகை. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து கோல் முகத்தில் போட்டது. பந்து நடுத்திடலுக்குக் கொஞ்சம் இப்பால் இருந்தது. பிறகு அது இல்லை. எதுவுமே இல்லை. புவனேஸின் இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. "பனி!" என்று தமிழிலேயே கத்தினாள்.

யாரும் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? எதிரணிப் பெண் ஒருத்தி முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து அடித்தாள். அப்படியொன்றும் பலமான அடியில்லை. உருண்டு வந்த பந்து, கை தூக்கி நின்றவளின் கால் பக்கமாக வலைக்குள் போனது.

அவ்வளவுதான். மலேசியா வெளியேறியது.

அவள் ஊருக்கு வந்து சேருவதற்குள் அவள் கை தூக்கி நின்ற பதினோரு விநாடிக் காணொளி வந்து சேர்ந்துவிட்டது. 'சரணடைந்தாள்' என்று மலாயில் தலைப்பு. கீழே சிரிப்புப் படங்கள். பள்ளியில் பையன்கள் அவளைக் கண்டதும் கையைத் தூக்கினார்கள். ரிங்லெட் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, விழப் பார்த்தார்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தோட்டத்து ஆட்கள் காட்டிய அன்பைத்தான் தாங்க முடியவில்லை. கடையில், கோயிலில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எங்கேயும் ஒரே தீர்ப்பு: தப்பு புவனேஸ் மேல் இல்லை.

"எம் மவ ரெண்டு கையையும் தூக்கிட்டா. அப்பறம் என்னா? அந்தப் புள்ள நின்னுருக்கணுமா இல்லியா?" என்று மாடசாமி வருவோர் போவோரிடமெல்லாம் நியாயம் கேட்டார்.

"நடுவரு புதுசு போல லா" என்றார் கடைக்காரர்.

"அப்பா, அங்க அந்தச் சட்டம் இல்லப்பா."

"இல்லாட்டி? ஒரு பொம்பளப் புள்ள கண்ணு தெரியலன்னு கத்துது. அடிக்கிறதா? மனுசங்கதானா அவங்க?"

அன்றைக்கே புவனேஸுக்கு ஒன்று விளங்கிவிட்டது. தேசிய அணியின் சட்டையை அவள் மறுபடியும் போட வேண்டும். வயது வரம்புள்ள அணி. இருபது வயதுக்குட்பட்ட அணியோடு இளையோர் அணிக் கதவு மூடிவிடும். மூன்று ஆண்டுகள்தான் கையில் இருந்தன. ஆனால் இந்தத் திடலில் இந்த ஆட்களோடு விளையாடுகிற வரைக்கும் இந்தக் கைகள் மறக்கப் போவதில்லை.

அடுத்த நாள் பனி இறங்கியது. அவள் கையைத் தூக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? அடிங்கடி!"

பனிக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஒனக்கு எங்களத் தெரியுதாக்கா?"

"தெரியல."

"அப்ப எப்படி அடிக்கிறது? பாவம்லா."

ஒரு வாரம் இதே கதை. ஏசிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். எட்டாம் நாள் பனிக்குள் ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று புவனேஸ் யோசிப்பதற்குள் பந்து அவள் மூக்கில் வந்து மோதியது. கையுறையெல்லாம் ரத்தம்.

அடித்த எவலின் பதறி ஓடி வந்தாள். "செத்துட்டியா?"

"இல்ல" என்றாள் புவனேஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "இன்னொண்ணு அடி."

அதற்குப் பிறகு திடலில் பனிக்கை நின்றுபோனது. கங்காணி வந்து, "இதென்னா காட்டுமிராண்டி வெளையாட்டு" என்று ஏசினார். அம்சவல்லி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே எவலினின் குடும்பத்தையே திட்டினாள். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஈரப் புல்லில் ஓடுகிற கால் எப்போது நிற்கிறது, எந்தக் காலில் உடம்பு சாய்கிறது, பூட்ஸ் பந்தில் படும் சத்தம் உயரத்துக்கா தரைக்கா என்று புவனேஸின் காது படித்துக்கொண்டது. ஒரு நாள் எவலின் பத்து அடித்தாள். புவனேஸ் ஏழு பந்தைப் பிடித்தாள். அன்றைக்கு யாருக்கும் யாரையும் தெரியாத பனி.

அந்த இரண்டு ஆண்டுகளும் தேசிய அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. பகாங் மாநில அணிக்கு விளையாடினாள், நன்றாகவே விளையாடினாள். இணையத்தில் தேசிய இளையோர் அணியின் பழைய முடிவுகளையெல்லாம் அட்டவணையாகப் போட்டிருந்த ஒரு பக்கத்தை எவலின் ஒரு நாள் கண்டுபிடித்தாள். ஆண்டு, ஆட்டம், வெற்றி, சமன், தோல்வி, அடித்தது, வாங்கியது.

"இங்க பாரு. உன் வருசத்துக்கு மேல இருக்கற வெற்றியெல்லாம் பாரு. முட்ட, முட்ட, முட்ட. கோழிப்பண்ணதான். உன் வருசத்துல ஒண்ணு. மூணு ஆட்டத்துல ரெண்டே கோலு வாங்கிருக்க. அதுக்கு முந்தி வந்தவ பத்தொம்பது."

புவனேஸ் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் கையும் இல்லை, புகையும் இல்லை. தோல்வி என்ற கட்டத்தில் ஒரு சின்ன ஒன்று இருந்தது. அது அவளுடையதுதான். ஆனால் பக்கத்திலிருந்த மற்ற இரண்டு எண்களும் அவளுடையவைதாம். உலகம் பதினோரு விநாடியைப் பார்த்தது. அவள் இருநூற்று எழுபது நிமிடம் அங்கே நின்றிருக்கிறாள். இன்னொரு வரி எழுதாமல் விடுவதில்லை என்று அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

பத்தொன்பதாவது வயதில், இருபது வயதுக்குட்பட்ட அணிக்கான தேர்வுக்குத் தானாகவே பெயர் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூர் போனாள். கீப்பர்களுக்குப் பயிற்சி தருபவர் கத்தரீன், ஈப்போக்காரர், முகத்தில் சிரிப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முதல் நாளே கேட்டுவிட்டார்.

"நீதானே கையத் தூக்குனவ?"

சுற்றி நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா."

"ஏன் தூக்குன?"

"எங்க திடல்ல தூக்குனா எல்லாரும் நின்னுருவாங்க."

"இப்ப?"

"இப்ப எங்க திடல்லயும் நிக்க மாட்டாங்க."

கத்தரீன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அடைமழை. எதிரில் நிற்பவர் தெரியாத மழை. மற்ற கீப்பர்கள் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புவனேஸ் கண்ணை நம்பாமல் நின்று ஒன்பதில் எட்டைத் தடுத்தாள். மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது, தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

பட்டியல் வந்தது. மூன்று கீப்பர்கள். அவள் பெயர் இல்லை.

"அந்தக் காணொளிய இன்னும் எவனோ பாத்துக்கிட்டு இருக்கான்" என்றாள் எவலின்.

"பாக்கட்டும்" என்றாள் புவனேஸ். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துரு. இடது பக்கம் அடிக்கிறது எனக்கு இன்னும் சரியா கேக்க மாட்டேங்குது."

தோட்டத்துத் தேநீர்க் கடையில், சுற்றுலாக்காரர்களுக்குத் தட்டு தூக்கும் வேலையில் சேர்ந்தாள். பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. அந்த ஆண்டு முடிந்தால் வயதும் முடிந்துவிடும் என்று மாடசாமி மெல்ல எடுத்துச் சொன்னார். "முடியட்டும்பா, இன்னும் முடியலல்ல" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் காயப் போட்டாள்.

பட்டியல் வந்து ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆட்கள். எட்டாம் மேசைக்கு நான்கு தேநீரை வைத்துவிட்டுத் திரும்பும்போது கைப்பேசி அதிர்ந்தது. கத்தரீனிடமிருந்து வந்திருந்தது:

"புவனேஸ், நம்ம முதல் கீப்பருக்கு விரல் முறிஞ்சிருச்சி. மழையில நீ நின்னத நான் அப்பவே எழுதி வெச்சேன். லிஸ்ட்டுல போட மேல உள்ளவங்க விடல. இப்ப மறுபடியும் கேட்டேன், சரின்னுட்டாங்க. போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள். உக்காந்து பாக்கக் கூப்பிடல, எறங்கி நிக்கக் கூப்பிடுறேன். திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு கேம்ப்புல இருக்கணும். பாஸ்போர்ட்டு மறக்காத."