லாபம் என்று அளந்த படி

மழை பொய்த்த அந்த வருடம், கீழமாசி வீதியில் எங்கள் அரிசிக் கடையின் பின்னறையில் மூட்டைகளைக் கூரைவரை அடுக்கிவைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருந்தோம். கேட்டவர்களிடம் சரக்கு இல்லை என்றோம். கல்லுப்பட்டிப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி இரண்டு படி கேட்டுக் கெஞ்சினாள். முன்னால் அடிதட்டிக் கிடந்த ஒரே சாக்கிலிருந்து இரட்டை விலைக்கு ஒரு படி அளந்தேன். முதல் படியை ஒன்று என்று எண்ணாமல் "லாபம்" என்பது வழக்கம். அப்படியே சொன்னேன்.

"லாபம் ஒங்களுக்குண்ணே. எனக்கு ஒண்ணுன்னு இன்னொரு படி போடுங்க. வீட்ல பிள்ளைக சுருண்டு கெடக்கு."

"அம்புட்டுதான் தாயி. இருந்தா தரமாட்டேனா?"

அவள் நம்பிவிட்டாள். "பாவம், நீங்களும் எங்கிட்டுப் போவீக" என்று எனக்காக இரங்கினாள். பின்னறைக் கதவை முதுகால் மறைத்தபடி தலையாட்டினேன்.