மேடேறும்போது விக்கிய லாரி

ரத்னவேல் கை வைத்தால் எந்த லாரியும் வழிக்கு வந்துவிடும் என்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பரப்பியவர் பூவம்மா. தேக்கா சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்பவர். அவருடைய பதினேழு வயது லாரியைப் பதினோரு வருடமாக ரத்னவேல்தான் பார்த்துக்கொண்டார். வேறு யாராவது அதன் பானெட்டைத் தொட்டால்கூட பூவம்மாவுக்குப் பிடிக்காது. ரத்னவேலுக்கும் பிடிக்காது.

ரகுபதியின் பட்டறையில் அவர் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தார். நாற்பத்தொன்பது வயது. அங்கே தன்னைவிடக் கெட்டிக்காரர் யாரும் இல்லை என்பது அவருக்கு ஒரு பெருமையாகக்கூடத் தோன்றியதில்லை. அது இயல்பான விஷயமாக இருந்தது, வைதேகி வரும்வரை.

வைதேகிக்கு முப்பத்தெட்டு வயது. ராணுவ வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். தீவின் மறுகோடியிலுள்ள பாசிர் ரிஸிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தும் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்கு வந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். வேலை செய்யும்போது மெல்லச் சீட்டியடிப்பார். அந்தச் சீட்டிச் சத்தம் கேட்டாலே ரத்னவேலுக்குத் தாடை இறுகும். முதலாளி ரகுபதி ஒரு நாளில் எத்தனை தடவை "வைதேகி" என்று கூப்பிடுகிறார் என்று ரத்னவேல் எண்ண ஆரம்பித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பதினான்கு தடவை. தன் பெயர் மூன்று. அதில் ஒன்று, வேனை நகர்த்தச் சொல்லி.

இந்த நிலையில்தான் பூவம்மாவின் லாரி தகராறு செய்தது.

"வெறுமையா ஓட்டினா நல்லா ஓடுது, தம்பி. மூட்டை ஏத்திட்டு ஃப்ளைஓவர் ஏறினா விக்குது. பின்னாடி வர்றவன்லாம் ஹார்ன் அடிக்கிறான் லா," என்றார் தொலைபேசியில்.

ரத்னவேல் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார். தொழிற்பேட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து அனுப்பினார். நான்கு நாளில் லாரி திரும்பி வந்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தார். டீசல் வரும் பாதையில் அடைப்பு இருக்குமோ என்று பம்ப் பக்கத்திலிருந்து காற்றடித்துப் பார்த்தார். காற்று தடையில்லாமல் டாங்கிக்குள் போனது. அனுப்பினார். மறுவாரமே கெப்பல் மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், ஒன்றரை டன் வெங்காயத்தோடு லாரி நின்றுபோனது.

மூன்றாவது முறை பூவம்மாவே லாரியில் ஏறி வந்துவிட்டார். வெங்காய மூட்டைகள் அப்படியே பின்னால் இருந்தன.

"தம்பி, தப்பா நெனைக்காத. அந்தப் பொண்ணு ஒரு தடவை பாக்கட்டுமே."

"பாக்கட்டும்க்கா. எனக்கென்ன," என்றார் ரத்னவேல். காதுமடல் சுட்டது.

வைதேகி லாரியைச் சுற்றி வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, லோடோட ஓட்டிப் பாத்தீங்களா?"

ஓட்டிப் பார்க்கவில்லை. அதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பழுது லோடு ஏற்றும்போதுதான் வருகிறது, அப்படியானால் லோடு ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்பது புதிதாக வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தனக்கு ஏன் தோன்றவில்லை என்பது அவரை அரித்தது. அதைவிட, வைதேகிக்கு ஏன் தோன்றியது என்பது அதிகமாக அரித்தது.

"ஏறும்போது பம்ப் டீசலை எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுதுன்னு கேஜ் வச்சுப் பாத்துடலாம். மத்தியானம் போட்டுப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வேறு வேலையை முடிக்கப் போனார் வைதேகி.

பட்டறையில் உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் அந்தக் கேஜ் ஒன்றுதான் இருந்தது. ரத்னவேல் அதை அலமாரியிலிருந்து எடுத்து, தன் லாக்கரில் துண்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பதினெட்டு வருடத்தில் அவர் செய்த முதல் கீழ்த்தரமான காரியம் அது. செய்யும்போதே அது அவருக்குத் தெரிந்தது. இருந்தும் செய்தார்.

மதியம் வைதேகி எல்லா இழுப்பறைகளையும் திறந்து தேடினார். "நேத்துகூட நான்தான் எடுத்து வச்சேன்," என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். ரத்னவேல் குனிந்து ஒரு பிரேக் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கேஜ் கிடைக்கவில்லை என்றதும் வைதேகி சும்மா இருக்கவில்லை. ஒரு கேனில் புது டீசல் நிரப்பி, கேபினுக்குப் பின்னால் இருந்த கம்பித் தடுப்பில் கட்டினார். டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கேனிலிருந்து நேராக எஞ்சினுக்கு வேறு குழாய் கொடுத்தார். மிச்ச டீசல் திரும்பும் குழாயையும் கேனுக்குள் விட்டார்.

"இப்போ விக்கினா கோளாறு எஞ்சின் பக்கம். விக்கலைன்னா டாங்கி பக்கம். அண்ணே, நீங்க ஓட்டுறீங்களா? இந்த வண்டி உங்களுக்குத்தான் பழக்கம்."

ரத்னவேல் ஓட்டினார். வைதேகி பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கவனித்தார். மண்டாய் சாலையின் ஏற்றம் வந்தது. ரத்னவேல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினார். அவருடைய வாழ்நாளில் ஒரு வண்டி விக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அன்றுதான். ஒரு தடவை இருமினால் போதும் என்று காத்திருந்தார். லாரி வெங்காய மூட்டைகளோடு உறுமிக்கொண்டு ஏறி, மேட்டைத் தாண்டிவிட்டது.

"டாங்கி பக்கம்தான்," என்றார் வைதேகி. கண்ணாடி வழியே வெளியே பார்த்துச் சீட்டியடித்தார்.

திரும்பி வரும் வழியில்தான் ரத்னவேலுக்கு அந்த ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. டீசல் குழாய் கையிருப்பில் இல்லை. கிடந்த தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டு, மறந்துபோனார்.

பட்டறைக்கு வந்ததும் வைதேகி சாப்பிடப் போனார். ரத்னவேல் லாரிக்கு அடியில் படுத்து அந்தத் துண்டை அறுத்தெடுத்தார். நீளவாக்கில் கீறிப் பார்த்தார். டீசலில் ஊறி உள்தோல் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கியது. காற்றடித்தபோது அது ஓரமாக ஒட்டிக்கொண்டு வழிவிட்டிருக்கிறது. மேடேறும்போது எஞ்சின் அதிகமாக டீசல் கேட்க, பம்ப் இழுத்த இழுப்பில் அதுவே வழியை அடைத்திருக்கிறது.

சரியான குழாயைப் போட்டார். பழைய துண்டைக் கந்தல் துணிக் கூடையின் அடியில் திணித்தார்.

"டாங்கியில குப்பை. உள்ள இருக்குற வடிகட்டி அடைச்சிருந்துச்சு. எடுத்துட்டேன்," என்றார், காத்திருந்த பூவம்மாவிடமும் ரகுபதியிடமும்.

பூவம்மாவின் முகம் மலர்ந்தது. "கடைசியில நீதானே கண்டுபிடிச்ச. எனக்குத் தெரியும் தம்பி." ரகுபதியும் முதுகில் தட்டினார். வைதேகி வந்ததிலிருந்து ஒன்பது மாதமாக எதற்கு ஏங்கினாரோ அது கிடைத்தது. ஒன்றும் ருசிக்கவில்லை.

வைதேகி சாப்பிட்டுவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டார். "நல்லதாப் போச்சு அண்ணே. நான்னா டாங்கியை இறக்கி அரை நாள் வீணடிச்சிருப்பேன்." அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அடுத்தவருக்குக் கிடைத்த பாராட்டைப் பார்த்து இப்படிச் சாதாரணமாகச் சந்தோஷப்பட முடிகிறதே என்று ரத்னவேலுக்கு அதன்மேலும் பொறாமை வந்தது. மற்ற எதையும்விட அது வலித்தது.

அன்று வேலை முடிந்து வைதேகி கை கழுவிக்கொண்டிருந்தபோது, ரத்னவேல் குழாய்த் துண்டையும் கேஜையும் எடுத்துவந்து தொட்டி விளிம்பில் வைத்தார். எது எங்கே இருந்தது, ஏன் இருந்தது என்று சொன்னார்.

வைதேகி குழாயைப் புரட்டிப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேஜைப் பார்த்துத்தான் கோபப்பட்டார்.

"நான் தொலைச்சுட்டேன்னு நெனைச்சேன், அண்ணே. முதலாளிகிட்ட புதுசு வாங்கித் தர்றேன்னுகூடச் சொல்லிட்டேன். என் மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு." கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் வேலை விஷயத்தைத் தவிர அவரோடு வேறு பேச்சே இல்லை.

ரத்னவேல் ரகுபதியிடமும் சொன்னார். பூவம்மாவுக்கும் போன் செய்தார்.

"என்னைய நடுரோட்டுல நிக்க வச்சது நீ போட்ட குழாயா?"

"ஆமாக்கா."

"சரி, வை."

அதற்குப் பிறகு அந்த லாரி வந்தால் ஓட்டுநர் அதீஃப் சாவியை நேராக வைதேகியிடம் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ரகுபதி பட்டறைப் பொறுப்பையும் வைதேகியிடமே கொடுத்தார். யாரும் ரத்னவேலிடம் கருத்துக் கேட்கவில்லை.

அன்றிரவு வீட்டில் அவர் மனைவி வித்யா கேட்டார். "வேற இடம் பாக்கப் போறீங்களா?"

"இல்ல."

"பொறாமையா இல்லையா?"

"இருக்கு. இன்னிக்கு ரொம்பவே இருக்கு," என்றார் ரத்னவேல். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஒரு பள்ளிப் பேருந்து வந்தது. சூடானால் ஸ்டார்ட் ஆகாது. ஒரு மணி நேரம் பார்த்தும் ரத்னவேலுக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்து கூப்பிட்டார்.

"வைதேகி, ஒரு நிமிஷம் இங்க வா."

வைதேகி வந்து பக்கத்தில் நின்றார். "எதெல்லாம் பாத்தீங்க, அண்ணே?"

ரத்னவேல் பார்த்ததைச் சொன்னார். பார்க்காமல் விட்டதையும் சொன்னார்.